பாக்டீரியா கொசு வரட்டும், அதற்காகத் தொட்டி கழுவுவதை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெங்குவைப் பரப்ப முடியாத கொசுக்களை வளர்த்து ஊருக்குள் விடும் திட்டம் பற்றி அண்மைக் காலமாகத் தொடர்ந்து செய்திகள் வருகின்றன. பிரேசிலின் குரிச்சிபா நகரில் இதற்கென்றே ஒரு தொழிற்கூடம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. வாரத்துக்கு 10 கோடி கொசு முட்டைகளை உருவாக்கும் திறன் கொண்டது அது. நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கும், நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் விசிஆர்சி மையமும் இத்தகைய இரண்டு கொசு வகைகளை உருவாக்கிவிட்டதாக 2022 ஜூலையில் அறிவித்தது. இதைப் படித்துவிட்டு, ‘நல்ல கொசு வந்துவிட்டால் இனி தொட்டி கழுவும் வேலை இல்லை’ என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். ‘பாக்டீரியா ஏற்றிய கொசுவை நம் மேல் விட்டுச் சோதனை செய்யப் போகிறார்கள்’ என்று அஞ்சுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே சரியில்லை என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். கடலூர், புதுவைப் பகுதிக்குப் பருவமழை நெருங்கும் காலத்தில் இந்தக் குழப்பம் நல்லதல்ல.

அந்த பாக்டீரியாவின் பெயர் வோல்பாக்கியா. 1924-ல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் க்யூலெக்ஸ் கொசுவின் உடலில் இதைக் கண்டார்கள். பூச்சி இனங்களில் ஏறத்தாழ பாதியில் இது இயற்கையாகவே இருக்கிறது. பழ ஈயில் உண்டு, பல வண்ணத்துப்பூச்சிகளில் உண்டு. நம் சாக்கடைகளில் பெருகி இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசுவிலும் உண்டு. அதாவது, வோல்பாக்கியா உள்ள கொசு நம்மையும் நம் பாட்டன் பூட்டனையும் காலங்காலமாகக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இது பூச்சி போன்ற சிற்றுயிர்களின், சில வகைப் புழுக்களின் செல்லுக்குள் மட்டுமே வாழக்கூடியது. மனித செல்லில் இது வாழ்வதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இது இயற்கையாக இல்லை என்பதால், பழ ஈயிலிருந்தும் வேறு கொசுவிலிருந்தும் எடுத்து, ஏடிஸ் முட்டைக்குள் நுண்ணிய ஊசியால் செலுத்தினார்கள். கொசுவின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. செல்லுக்குள் வைரஸ் பெருகத் தேவையான கொழுப்புப் பொருள்களுக்கு இந்த பாக்டீரியா போட்டியிடுகிறது என்பது ஒரு விளக்கம். கொசுவின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகிறது என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்து நடக்கலாம். எப்படியானாலும் டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா வைரஸ்கள் அந்தக் கொசுவில் சரியாகப் பெருகுவதில்லை. பெருகாத வைரஸ் உமிழ்நீருக்கு வருவதில்லை.

இது ஊருக்குள் பரவும் விதம் தாய்வழி. வோல்பாக்கியா உள்ள பெண் கொசு எந்த ஆணோடு சேர்ந்தாலும் குஞ்சுகள் அத்தனையும் பாக்டீரியாவோடு பிறக்கும். வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிக்காது. இந்த இரண்டாவது குணத்தை மட்டும் பயன்படுத்தி, ஆண் கொசுக்களை மட்டும் விட்டு எண்ணிக்கையைக் குறைக்கிறது சிங்கப்பூர். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் ஆண், பெண் இரண்டும் வெளிவரும்படி முட்டைகளை வாளிகளில் வைத்து, ஊர்க் கொசுக்களையே மாற்றினார்கள். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, 12-ல் மட்டும் கொசுவை விட்டு ஒப்பிட்டார்கள். கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றிய டெங்கு 86 சதவீதம் குறைந்தது. இந்த முடிவு 2021 ஜூனில் வெளியானது. கொசு ஒழிப்பில் இவ்வளவு ஒழுங்காக நடத்தப்பட்ட சோதனை அபூர்வம். அதனால்தான் உலகம் இதை நம்புகிறது, நானும் நம்புகிறேன்.

ஆனால் யோக்யகர்த்தாவில் பலித்தது கடலூரில் அப்படியே பலிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. முதல் காரணம் வெயில். அங்கே பயன்படுத்தியது பழ ஈயிலிருந்து வந்த டபிள்யூ-மெல் என்ற வகை. இந்தக் கொசுவை ஆய்வகத்தில், தினமும் 26 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே வெப்பம் ஏறி இறங்கும்படி வளர்த்துப் பார்த்தார்கள். பாக்டீரியா அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. ஆசியப் புலிக்கொசுவிலிருந்து எடுத்த டபிள்யூ-ஆல்ப்-பி என்ற வகை அந்த வெப்பத்தை ஓரளவு தாங்கியது. மலேசியாவில் கோலாலம்பூர் பகுதியில் விட்டது இந்த இரண்டாவது வகையைத்தான். நம் ஊரில் மே மாதம் மொட்டை மாடியில் கறுப்பு நிறச் சின்டெக்ஸ் தொட்டிக்குள் கை விட்டுப் பார்த்தவர்களுக்கு, 37 டிகிரி எவ்வளவு சாதாரணம் என்பது தெரியும். விசிஆர்சி இரண்டு வகைகளையுமே உருவாக்கி வைத்திருப்பது அறிவான செயல்.

இரண்டாவது காரணம் பூச்சிமருந்து. ரியோ டி ஜெனிரோ நகரில் ஒரு பகுதியில் முதலில் விட்ட கொசுக்கள் நிலைக்காமல் போயின. ஊர்க் கொசுக்கள் பைரெத்ராய்டு மருந்துக்குப் பழகிப்போயிருந்தன, விட்ட கொசுக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வீட்டு வீட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயில் புதிய கொசு செத்தது, பழைய கொசு பிழைத்தது. பிறகு ஊர் ஆண் கொசுக்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, அதே தாங்கும் திறனை ஏற்றி மறுபடி விட்ட பிறகே நிலைத்தது. புதுவையில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முட்டைகளை அப்படியே வளர்க்காமல், உள்ளூர் கொசுக்களோடு கலந்து புதிய வகையை உருவாக்கியதன் பொருள் இதுதான்.

மூன்றாவது, மக்களின் நம்பிக்கை. 1970-களின் தொடக்கத்தில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து கொசுக்களைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தின. அரியானாவின் சோனிபட்டில் ஏடிஸ் கொசுக்களை விட எல்லாம் தயாராக இருந்தது. இது உயிரியல் போருக்கான ஒத்திகை என்று 1974-ல் செய்தி கிளம்பி, நாடாளுமன்றம் வரை போய், 1975-ல் திட்டமே நின்றது. கொசுவில் கோளாறு இல்லை. மக்களுக்கு உரிய நேரத்தில், அவர்கள் மொழியில், எதுவும் சொல்லப்படவில்லை என்பதே கோளாறு. இங்கே அது நடக்கக் கூடாது. கொசு விடும் நாளில் தண்டோரா போட்டால் போதாது. இப்போதே பள்ளிகளிலும், மீனவர் பஞ்சாயத்துகளிலும், ஜமாஅத்திலும், பங்குப் பேரவையிலும், கோயில் திருப்பணிக் குழுக்களிலும் பேச வேண்டும். கேள்விகள் வரட்டும். ‘கொசு கூடுமா?’ என்று கேட்பார்கள். விடும் சில மாதங்களில் கூடும், கடியும் கூடும் என்ற உண்மையைச் சொல்ல வேண்டும். ‘மலேரியா, யானைக்கால் போய்விடுமா?’ என்று கேட்பார்கள். போகாது, அவை வேறு கொசுக்களின் வேலை என்று சொல்ல வேண்டும். வடலூர் வழியில் நடப்பவர்களுக்கு எந்த உயிரையும் கொல்வதில் தயக்கம் உண்டு. அவர்களிடம், கொசுவைக் கொல்லாமல் அது சுமக்கும் நோயை மட்டும் அறுக்கும் முறை இது என்று மரியாதையோடு விளக்கலாம். மற்றவர்களைவிட அவர்கள் இதை எளிதில் ஏற்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் நடக்கும்வரை, நடந்த பிறகும்கூட, வீட்டு வேலை வீட்டில் இருக்கிறது. யோக்யகர்த்தாவில் கொசு விட்ட காலத்திலும் வழக்கமான கொசு ஒழிப்பு நிற்கவில்லை.

ஏடிஸ் கொசுவின் ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் விளங்கும். அது தண்ணீரில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டவைக்கிறது. வெறும் கண்ணுக்கு அது கரித்தூள் சிதறியது போலத் தெரியும். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்தாலும் சாகாது, பல மாதங்கள் கிடந்து, அடுத்த முறை நீர் ஏறித் தொட்டவுடன் பொரிக்கும். சித்திரை வெயிலில் காலியாகக் கவிழ்த்து வைத்த டிரம்மில் ஐப்பசி மழையில் கொசுப் புழு வருவது இப்படித்தான். இன்னொன்று, தன்னிடம் உள்ள நூறு முட்டைகளை ஒரே இடத்தில் இடாது. நாலைந்து இடங்களில் பிரித்து இடும். பத்தில் ஒன்பது பாத்திரத்தைக் கழுவிவிட்டு, கொல்லைப்புற ஆட்டுக்கல் குழியை விட்டுவிட்டால், அந்த ஒன்றில் வம்சம் தொடரும்.

நம் வெப்பத்தில் முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க எட்டு முதல் பத்து நாள். நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் வைரஸ் பெருகி உமிழ்நீருக்கு வர இன்னும் எட்டு முதல் பன்னிரண்டு நாள். அது கடித்த மனிதருக்குக் காய்ச்சல் தொடங்க நாலு முதல் பத்து நாள். கூட்டிப் பாருங்கள். மழைக்கும் காய்ச்சல் வார்டு நிரம்புவதற்கும் இடையே மூன்று, நான்கு வாரம் ஆகும். ‘டெங்கு பரவுகிறது’ என்று செய்தி வந்த பிறகு தொட்டியைத் தேய்க்கத் தொடங்குவது, போன மாதத்து மழைக்கு இந்த மாதம் குடை பிடிப்பது. நமக்குப் பெரும்பகுதி மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எனவே செப்டம்பர் கடைசி வாரத்திலேயே தேய்ப்பு தொடங்கியாக வேண்டும்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. புனே நகரின் வெப்பம், மழை, காற்றின் ஈரப்பதம், டெங்கு இறப்பு ஆகியவற்றைக் கணினியில் பயிற்றுவித்து, இரண்டு மாதத்துக்கு முன்பே எச்சரிக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். அவர்கள் கண்டது: வாரத்துக்கு 150 மில்லிமீட்டர் வரை பரவலாகப் பெய்யும் மிதமான மழை டெங்குவைக் கூட்டுகிறது, அதற்கு மேல் கொட்டும் மழை முட்டைகளையும் புழுக்களையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழையில் புழு அடித்துக்கொண்டு போகலாம். அதன்பின் வெயிலும் தூறலுமாக வரும் வாரங்கள்தான் ஆபத்து. வெள்ளம் வடிந்த தெருவில் கிடக்கும் பிளாஸ்டிக் டப்பா, உடைந்த குடம், டயர் ஒவ்வொன்றிலும் தெளிந்த நீர் நிற்கும். புனேக் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே தென்மேற்குப் பருவமழை, இங்கே வடகிழக்கு. நம் எண்களை வைத்து நமக்கான கணக்கைப் போட வேண்டும்.

தேய்ப்பதற்கு வருவோம். வாரம் ஒரு நாள், வீடு முழுக்க ஒரே நாள். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. டிரம், அண்டா, சிமென்ட் தொட்டி எதுவானாலும் நீரை முழுக்க வெளியேற்றுங்கள். சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றினால் புழு அங்கேயே காய்ந்துவிடும். பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, தேங்காய் நார் அல்லது கரடுமுரடான பிரஷ்ஷால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும். முக்கியமாக, நீர்மட்டக் கறை படிந்திருக்கும் கோட்டுக்குச் சற்று மேலும் கீழும். டிரம்மின் விளிம்பு மடிப்பையும் மூடியின் உட்பக்கத்தையும் பலர் விட்டுவிடுகிறார்கள். தேய்த்தபின் 15 நிமிடம் அப்படியே விட்டு, கழுவி, முடிந்தால் வெயிலில் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். பிளீச்சிங் பவுடர் புதிதில் 33 சதவீதம் அளவுக்குக் குளோரின் தரும். வாய் திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்தது வெறும் சுண்ணாம்பு. மூக்கில் ஏறும் நெடி இல்லையென்றால் அதனால் பயனில்லை. கையுறை போடுங்கள். கழிவறை கழுவும் ஆசிடோடு இதை எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

காலி செய்ய முடியாத பெரிய தொட்டிக்கும் கிணற்றுக்கும் வேறு வழிகள். தொட்டியில் டெமிபாஸ், அதாவது சுகாதாரப் பணியாளர்கள் ஊற்றும் அபேட் மருந்து. அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1 சதவீதக் குறுணையானால் 100 லிட்டருக்கு 10 கிராம். நெடி பிடிக்கவில்லை என்று பணியாளர் தெருமுனை திரும்புமுன் நீரைக் கொட்டிவிடும் வீடுகள் அதிகம். கொட்டினால் மருந்தும் போய்விடும். அந்த அளவு குடிநீர்த் தொட்டிக்கென்றே வகுக்கப்பட்டது. மருந்தே வேண்டாம் என்பவர்கள், கொசுப் புழுவைக் கொல்லும் பிடிஐ என்ற வேறொரு பாக்டீரியாத் தூளைக் கேட்கலாம். அதன் ஒரு வகையான பி-17 நம் புதுவை மண்ணிலிருந்து விசிஆர்சி பிரித்தெடுத்ததுதான். கிணற்றில் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடலாம். ஏரி, குளம், ஆற்றில் கம்பூசியாவை விடக் கூடாது, நாட்டு மீன் குஞ்சுகளை அது தின்றுவிடும். தொட்டி வாயில் துணி கட்டுபவர்கள் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்து நீரைத் தொடும் துணியே முட்டையிட ஈரமான இடமாகிவிடும்.

வீட்டுக்குள் நான் சொல்ல விரும்புவது இரண்டே இடம்: பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, வாசலில் பூ மிதக்கவிடும் உருளி. புதுவையில் வீடு, விடுதி, உணவகம் எங்கும் உருளி வைக்கிறார்கள். அழகுதான். தினமும் பூவை மாற்றுவார்கள், நீரை மாற்றுவதில்லை. நீரை மாற்றினாலும் உள்விளிம்பைத் தேய்ப்பதில்லை. மூன்று நாளுக்கு ஒரு முறை உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

வழிபாட்டு இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாரையும் குறை சொல்ல அல்ல. நம் விழாக்கள் பல சரியாக மழைக்காலத்தின் நடுவில் வருகின்றன. கோயில் தெப்பக்குளத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மீன் உள்ள திறந்த பெரிய குளத்தை ஏடிஸ் நாடுவதில்லை. பார்க்க வேண்டியவை சிறியவை. கார்த்திகை தீபத்துக்கு மதில்மேல் வரிசையாக வைத்த அகல்களில் எண்ணெய் இருக்கும்வரை புழு வராது. எண்ணெய்ப் படலம் புழுவை மூச்சுமுட்ட வைக்கும். நாலு மழையில் எண்ணெய் கழுவப்பட்ட பின் அது நீர்ச் சட்டி. வெயில் அடித்தால் இரண்டு நாளில் வற்றும். அடைமழை வாரத்தில் வற்றாது. விழா முடிந்த மறுநாளே எடுத்துக் கவிழ்த்து அடுக்கிவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். எல்லைச்சாமி கோயில்களில் உடைத்த தேங்காய் மூடிகள், அன்னதானத்துக்குப் பின் மூலையில் குவியும் பிளாஸ்டிக் டம்ளர்கள், கோமுகத்தின் அடியில் அபிஷேக நீர் தேங்கும் குழி, துளசி மாடத்தின் கீழ்த் தட்டு. இவ்வளவுதான் பட்டியல். அர்ச்சகரோ பூசாரியோ வாரத்துக்கு அரை மணி நேரம் ஒருவரை நிறுத்தினால் முடியும்.

கல்லறைத் திருநாள் நவம்பர் 2. உப்பளத்திலும் கடலூரிலும் கல்லறைகள் முழுக்கப் பூச்சாடிகள் வைக்கப்படும் அந்த வாரம், மழை உச்சத்தை நெருங்கும் வாரம். பூச்சாடியில் தண்ணீருக்குப் பதில் ஈர மணலை நிரப்பிப் பூவைச் செருகினால் பூவும் நிற்கும், கொசுவுக்கு இடமும் இருக்காது. செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தைப் பங்குத்தந்தையர் முந்தைய ஞாயிறு பூசையில் அறிவித்தால் போதும். ஆலய வாசலில் உள்ள தீர்த்தத் தொட்டியை வாரம் ஒருமுறை துடைத்து நிரப்புங்கள். பள்ளிவாசலில் ஒளு செய்யும் ஹவுளில் மீன் இருந்தால் கவலையில்லை. பக்கத்தில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் டிரம்மைத்தான் பார்க்க வேண்டும்.

கடற்கரை ஊர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். தேவனாம்பட்டினம், தாழங்குடா, வைத்திக்குப்பம் எங்கும் புயல் எச்சரிக்கை நாள்களில் ஃபைபர் படகுகளை மேட்டில் ஏற்றி வைக்கிறார்கள். படகுக்குள் மழைநீர் முழங்கால் அளவு நிற்கிறது. தெர்மாகோல் ஐஸ் பெட்டி, மீன் கூடை, துறைமுகத்தில் படகின் ஓரத்தில் கட்டிய டயர் எல்லாம் சேர்த்தி. ‘உப்புத் தண்ணி, அதிலே புழு வராது’ என்று சொல்வது சரியல்ல. இலங்கையின் கடலோரப் பகுதிகளில் நடந்த ஆய்வில், ஓரளவு உப்பு கலந்த நீரிலும் ஏடிஸ் புழு வளர்வது தெரியவந்தது. படகில் நீர் வடியும் துளையின் அடைப்பை எடுத்துவிட்டு, முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். டயரைக் கட்டுமுன் அடியில் இரண்டு துளை போட்டுவிடுங்கள்.

புகை அடிப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தெருவில் வண்டி புகை கக்கிக்கொண்டு போனால் மக்களுக்கு நிம்மதி, வார்டு உறுப்பினர்களுக்கும் நிம்மதி. ஆனால் ஏடிஸ் தெருவில் இல்லை. கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், இருண்ட மூலையில் உட்கார்ந்திருக்கிறது. புகை வரும்போது நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். புகை பறக்கும் கொசுவை, பட்டால் மட்டும் கொல்லும்; புழுவையும் முட்டையையும் ஒன்றும் செய்யாது. காய்ச்சல் கண்ட வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும், உள்ளே, 2 சதவீத பைரெத்ரம் சாற்றை ஒரு பங்குக்கு 19 பங்கு மண்ணெண்ணெய் கலந்து தெளிப்பதில் பயன் உண்டு; வைரஸைச் சுமக்கும் கொசு அங்கேதான் இருக்கும். ஊர் முழுக்கப் புகை விடும் டீசல் செலவில் இன்னும் சில புழு ஒழிப்புப் பணியாளர்களை அமர்த்துவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

காய்ச்சல் வந்துவிட்டால் சில வார்த்தைகள். முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 பரிசோதனை. அதற்குப் பின் ஐஜிஎம் எலைசா. நாள் தப்பிச் செய்த பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் டெங்கு இல்லை என்று பொருளல்ல. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஆறு மணி நேர இடைவெளியில். குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். மருந்துக்கடையில் ‘உடம்பு வலிக்கு’ என்று கேட்டால் பெரும்பாலும் அவைதான் கைக்கு வரும். கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் நிறையக் கொடுங்கள். 20.5 கிராம் ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. அதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து கெடுதல். நிலவேம்பு குடிப்பவர்கள் குடிக்கலாம், அது தண்ணீருக்கும் மருத்துவருக்கும் மாற்று ஆகாது.

டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, இறங்கும்போது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று நிம்மதியாகும் வேளையில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப்போதல், குழந்தை துவண்டு கிடத்தல் அல்லது காரணமின்றி அலட்டுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இரவே மருத்துவமனை. ரத்தத் தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கதறுவதைவிட பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம், ஏறுகிறதா என்று கேளுங்கள். கசிவைக் காட்டுவது அதுதான். ரத்தக்கசிவு இல்லாதவருக்குத் தட்டணு 10,000-க்குக் கீழே போகாதவரை, தட்டணு ஏற்றுவதால் பெரும்பாலும் பயனில்லை.

கடைசியாக, எண்கள். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் நோயாளிகள் ஏராளமானோர் சிகிச்சைக்குப் புதுச்சேரிக்குத்தான் போகிறார்கள். கன்னியக்கோயில் எல்லையைக் கொசுவும் காய்ச்சலும் மதிப்பதில்லை. நோயாளி எந்த மருத்துவமனையில் படுத்தார் என்ற கணக்கைவிட, எந்தத் தெருவில் வசிக்கிறார், எங்கே வேலை செய்கிறார் என்ற கணக்கே கொசுவைத் தேட உதவும். ஏடிஸ் பகலில் கடிப்பது. பள்ளியிலும் வேலை செய்யும் இடத்திலும் கடி பட்டிருக்கலாம். இரு நிர்வாகங்களும் இந்த முகவரியை, பெயரை நீக்கிவிட்டு, ஒரு நாள் தாமதமில்லாமல் பரிமாறிக்கொள்ள வேண்டும். தனியார் பரிசோதனைக் கூடங்களின் முடிவுகளும் இதில் சேர வேண்டும். அப்படி மூன்று, நான்கு பருவமழைகளின் வாராந்திரக் கணக்கு கையில் இருந்தால், புனேயில் போட்டது போன்ற முன்னெச்சரிக்கைக் கணக்கை நமக்கும் போடலாம். நாளை வோல்பாக்கியா கொசுவை எந்த வார்டில் முதலில் விடுவது, விட்டபின் நோய் குறைந்ததா என்பதற்கும் இதே கணக்குதான் அடிப்படை. இது இல்லாமல் கொசுவை விட்டால், பலித்ததா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது.

ஏடிஸ் எங்கே முட்டையிடுகிறது என்ற கணக்கெடுப்பில் ஒரு பகுதியைப் பள்ளி மாணவர்களாலும் செய்ய முடியும். கறுப்பு நிற அரை லிட்டர் பிளாஸ்டிக் குவளையில் மூன்றில் இரண்டு பங்கு நீர். நீர் வழியாதிருக்க அந்த மட்டத்தில் ஒரு சிறு துளை. உட்சுவரைச் சுற்றி ஒரு வெள்ளைப் பருத்தித் துணிப் பட்டை. நிழலில் தரையில் வைத்து, ஐந்தாம் நாள் துணியை எடுத்து லென்ஸில் முட்டைகளை எண்ண வேண்டும். எண்ணியபின் துணியைக் கொதிநீரில் போட்டு, குவளையைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் மறந்து விட்டால் அந்தக் குவளையே கொசுப் பண்ணையாகிவிடும் என்பதால், பொறுப்பான ஆசிரியர் இருக்கும் பள்ளியில் மட்டும் இதைச் செய்வது நல்லது.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் கடலூர் மாவட்டத்தில் எங்கெங்கே எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்ற அட்டவணையைத் தாங்கள் வெளியிடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே வாரம் ஒருமுறை, எந்த வார்டில் நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு இருந்தது என்ற எண்ணையும் வெளியிட்டு உதவுங்கள். புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் குறித்து வைக்கும் எண் அது. கோப்பில் கிடக்கும் அந்த எண் பத்திரிகையில் வந்தால், ஒவ்வொரு தெருவாரும் தங்கள் வார்டைத்தான் முதலில் தேடுவார்கள்.

இப்படிக்கு,
பூச்சியியல் பணியில் இருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.